குப்பைக்குப் போன அதிமதுரம்

மார்ச் 4

மருந்துக்கடை அம்மணிக்கு,

வாயை மூடிக்கொண்டு இருந்தது போதும் என்று இன்று காலை முடிவு செய்தேன். உனக்கு அண்ணனாகப் பிறந்த குற்றத்துக்கு ஆறு வருடம் மௌனமாக இருந்தாயிற்று. இனி முடியாது. உன்னோடு பேசுவதில்லை என்றுதான் உன் அண்ணியிடம் சொல்லியிருக்கிறேன். எழுதுவதில்லை என்று சொல்லவில்லை. ஆகவே என் வாக்குக்கு ஒரு பழுதும் இல்லை.

என் ரத்தக் கொதிப்பு என் சொந்த விஷயம். ஊரின் அந்தக் கோடியில் இருக்கும் உன் கடையில்தான் மாத்திரை வாங்குவேன் என்று உன் அண்ணி ஒற்றைக்காலில் நிற்கிறாள். வழியில் இருக்கும் மற்ற மருந்துக்கடைகள் எதுவும் அவள் கண்ணுக்குத் தெரிவதில்லை. அண்ணியும் நாத்தனாரும் கூடிக் குலாவ ஒரு சாக்கு வேண்டும், போகட்டும் என்று விட்டுவிட்டேன். அளக்கிற கருவியைக் கொடுத்தனுப்பினாய், பொறுத்தேன். காலையும் மாலையும் அவள் என் கையில் பட்டையைச் சுற்றிப் பொத்தானை அழுத்துகிறாள், அதையும் பொறுத்தேன். இரண்டு மாத்திரை விழுங்கியும் அளவு இறங்கவில்லை என்றதும் நீ என்ன செய்தாய்? "தீர்ந்துபோன அட்டையைத் தூக்கிப் போட்டுடாதீங்க அண்ணி, எடுத்துட்டு வாங்க, பாக்கணும்" என்றாயாம். காப்பியடிக்கிற மாணவனின் சட்டைக் கையை மடித்துப் பார்ப்பதுபோல என் மாத்திரை அட்டைகளைத் திருப்பிப் பார்த்திருக்கிறாய். நான் ஒரு வேளைகூடத் தவறவிட்டவன் இல்லை.

இப்போது அதற்கும் ஒரு படி மேலே போய்விட்டாய். டாக்டரம்மா மூன்றாவதாக ஒரு நீர் மாத்திரை எழுதிக் கொடுத்தார். சீட்டோடு வந்த உன் அண்ணியை, "ரத்தம் டெஸ்ட் பண்ணாம இதைத் தர மாட்டேன்" என்று வெறுங்கையோடு அனுப்பிவிட்டாய். டாக்டர் எழுதியதை நிறுத்தி வைக்க நீ யார்? எனக்கு வர வேண்டியதை நிறுத்தி வைப்பதற்கென்றே இந்த ஊரில் ஆட்கள் பிறந்திருக்கிறார்கள்.

நீ மறந்திருப்பாய். நான் மறக்கவில்லை. என் மகளின் கல்யாண விருந்தில், சம்பந்தி வீட்டார் அத்தனை பேரும் உட்கார்ந்திருந்த மேசையில் சொன்னாய்: "எங்கண்ணன் வாயைத் திறந்தா மத்தியானச் சாப்பாடு ராத்திரிச் சாப்பாடா ஆயிடும்!" மேசையே குலுங்கிச் சிரித்தது. அந்த வாரம்தான் கல்லூரியில் என்னைத் தாண்டி, எனக்குப் பின்னால் வேலைக்கு வந்த சிரித்தமுகத்தானைத் துறைத் தலைவராகப் போட்டிருந்தார்கள். காரணம் கேட்டேன். "கூட்டத்துல நீங்க ரொம்ப நேரம் பேசறீங்க சார்" என்றார் முதல்வர். வெளியில் பட்ட அடிக்கு மருந்து போட வீட்டுக்கு வந்தவனை, அதே இடத்தில் நீயும் அடித்தாய்.

கடைசியாக ஒன்று. தொண்டைக்கு நல்லது என்று மாத்திரையோடு சேர்த்து மாதாமாதம் நீ அனுப்பும் அதிமதுரப் பொட்டலம். அதிகம் பேசுகிறவனுக்குத் தொண்டை மருந்து! குத்தல் புரியாத அளவுக்கு நான் மண்டு இல்லை. வந்த கையோடு அது குப்பைக்குப் போகிறது. வீணாக அனுப்ப வேண்டாம்.

இப்படிக்கு,
வரலாற்றுத் துறையின் தலைவர் அல்லாத பேராசிரியர்


மார்ச் 9

பெருமதிப்பிற்குரிய பேராசிரியர் அவர்களுக்கு,

தங்கள் கடிதம் கிடைக்கப் பெற்றேன். தாங்கள் தெரிவித்திருந்த குறைகள் யாவும் கவனத்தில் கொள்ளப்பட்டன. போதும், இதற்கு மேல் எனக்கு வராது.

அண்ணா, உன் கையெழுத்தை உறைமேல் பார்த்ததும் கவுன்டரில் நின்றபடியே பிரித்துவிட்டேன். இருமல் மருந்துக்கு நின்றிருந்த ஒருவர், "என்னம்மா, கெட்ட சேதியா?" என்றார். "இல்லைங்க, எங்கண்ணன் திட்டி எழுதியிருக்கான்" என்றேன். நான் சிரித்த சிரிப்பைப் பார்த்து அவருக்கு இருமலே நின்றுவிட்டது.

இனி உன் குற்றப்பத்திரிகைக்கு வருகிறேன். அட்டையைப் பார்த்தது உன்னை நம்பாமல் அல்ல. மாத்திரை போட்டும் கொதிப்பு இறங்காவிட்டால், ஒன்று மாத்திரை உள்ளே போகவில்லை, இல்லாவிட்டால் வேறு ஏதோ உள்ளே போகிறது. யார் வந்தாலும் நான் முதலில் பார்ப்பது இதைத்தான். நீ ஒழுங்காகப் போடுகிறாய் என்று அட்டை சாட்சி சொல்லிவிட்டது. அப்படியானால் இரண்டாவது. சொல், மூட்டு வலிக்கு ஏதாவது விழுங்குகிறாயா? மூக்கடைப்புக்கு? தண்ணீரில் போட்டால் நுரைக்குமே, அந்த மாதிரி ஏதாவது? யாராவது நல்லது என்று சொன்ன லேகியம், கஷாயம்? இதெல்லாமே கொதிப்பை ஏற்றக்கூடியவை.

நீர் மாத்திரையை ஏன் நிறுத்தினேன் என்றால், அண்ணி பேச்சுவாக்கில் ஒன்று சொன்னாள்: "உங்கண்ணனுக்கு ராத்திரியில கெண்டைக்கால் இழுத்துப் பிடிக்குது, பகல்ல கால் துணி மாதிரி தொவளுதாம்." பொட்டாசியம் என்று ஓர் உப்பு ரத்தத்தில் குறைந்தால் அப்படி ஆகும். நீர் மாத்திரை அதை இன்னும் குறைத்துவிடும். ரொம்பக் குறைந்தால் கெடுவது கால் அல்ல, இதயத் துடிப்பு. டாக்டரம்மாவுக்கு உடனே போன் செய்தேன். "இங்க டாக்டர் நீங்களா நானா?" என்றார். "நீங்கதான் டாக்டர். ஆனா அவன் எனக்கு அண்ணன்" என்றேன். பிறகு, "கால் இழுக்கறதை என்கிட்ட சொல்லவே இல்லையே, டெஸ்ட் பண்ணிடுங்க" என்றார். உலகத்துக்கெல்லாம் பாடம் நடத்துகிறாய், டாக்டரிடம் கால் வலி என்று சொல்ல மட்டும் உனக்கு வாய் வரவில்லை.

இன்னொன்று. அளக்கும்போது பேசக்கூடாது. முதுகைச் சாய்த்து, காலைத் தரையில் ஊன்றி, கையை மேசைமேல் வைத்து ஐந்து நிமிடம் சும்மா உட்கார வேண்டும். பேசினாலே அளவு ஏறும். நீயோ பட்டையைச் சுற்றியதும் சிரித்தமுகத்தானைத் திட்ட ஆரம்பித்து, கருவி கத்தும்வரை நிறுத்துவதில்லையாம். அது உன் கொதிப்பின் அளவு அல்ல அண்ணா, அவன்மேல் உனக்கு இருக்கும் கொதிப்பின் அளவு.

விருந்தில் நான் சொன்னதைப் பற்றி எழுத நிறைய இருக்கிறது. முதலில் ரத்தம் கொடு.

உன்
தங்கச்சி

பி.கு.: அதிமதுரம் குப்பைக்குப் போவது தெரியும். என் காதுக்கு வரட்டும் என்றே நீ அண்ணியிடம் சொல்லியனுப்புவது உண்டே. போனால் போகட்டும்.


மார்ச் 16

தங்கச்சிக்கு,

ரத்தம் கொடுத்துவிட்டேன். ஊசி குத்தியவர் என் பழைய மாணவர். "சார், உங்க கிளாஸ்ல தூங்கினதுக்குப் பழி வாங்கறேன்னு நெனச்சுக்காதீங்க" என்றார். என்னைப் பழி வாங்க ஊரில் ஆள் பஞ்சமில்லை என்றேன்.

நீ கேட்ட எதையும் நான் தொடுவதில்லை. மூட்டு மாத்திரை இல்லை, கஷாயம் இல்லை. சாப்பாட்டில் உன் அண்ணி உப்பைக் குறைத்துக் குறைத்து, இப்போது ஆஸ்பத்திரியில் படுத்திருப்பவனுக்குக்கூட என்மேல் பொறாமை வராது. நீ சொன்னபடி வாயை மூடி உட்கார்ந்தும் அளந்தாயிற்று. மேல் அளவு நூற்றெழுபத்தெட்டு. சிரித்தமுகத்தான் குற்றமற்றவன் என்று நிரூபணமாகிவிட்டது. எனக்கு அதுவும் ஒரு வருத்தம்.

அவனைப் பற்றி இன்னொன்று சொல்ல வேண்டும். அண்ணியிடம் சொல்லாதே. வியாழக்கிழமை இரண்டாம் மாடிக்கு ஏறிக்கொண்டிருந்தேன். பாதியில் கால் என்னுடையதாக இல்லை. கைப்பிடியைப் பிடித்தேன், கையிலும் பிடி இல்லை. விழுந்திருப்பேன். பின்னாலிருந்து வந்து தோளில் தாங்கியவன் அவன்தான். "சார், உக்காருங்க, ஒண்ணும் அவசரமில்ல, உங்க கிளாஸை நான் பாத்துக்கறேன்" என்றான். அப்போது அவன் சிரிக்கவில்லை. படியில் உட்கார்ந்திருந்தேன். பிள்ளைகள் ஒதுங்கி ஒதுங்கி ஏறிப் போனார்கள். தெரியாமல்தான் கேட்கிறேன், ஒருவனை வெறுக்கவாவது மனுஷனுக்கு நிம்மதியாக ஒரு இடம் வேண்டாமா?

எனக்குப் பயமாக இல்லை. சும்மா தெரிந்துகொள்ளக் கேட்கிறேன். துடிப்பு கெடும் என்று எழுதியிருந்தாயே, அது சொல்லிக்கொண்டு வருமா, சொல்லாமல் வருமா?

அண்ணன்


மார்ச் 21

அன்புள்ள அண்ணாவுக்கு,

சொல்லாமலும் வரும். அதனால் இந்தக் கடிதத்தைக் கடைசிவரை படி.

பொட்டாசியம் மிகவும் குறைவு. டாக்டரம்மா அதைச் சரிசெய்ய எழுதிக் கொடுத்த திரவத்தை அண்ணியிடம் அனுப்பியிருக்கிறேன். வாயில் வைக்க விளங்காது, மூக்கைப் பிடித்துக்கொண்டு குடி. இனி மாடி வேண்டாம், கீழ்த் தள வகுப்பாகக் கேட்டு வாங்கு. நெஞ்சு படபடத்தாலோ தலை சுற்றினாலோ மாலைவரை காத்திராமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போய்விடு. சிறுநீரகத்தின் மேலே தொப்பி போட்டதுபோல ஒரு சுரப்பி இருக்கிறது, அதில் கட்டி இருக்கலாம் என்று டாக்டரம்மா சந்தேகப்படுகிறார். பெரிய ஆஸ்பத்திரியில் ஸ்கேனுக்குத் தேதி வாங்கியாகிவிட்டது. கட்டி தெரிந்தால் அறுவைசிகிச்சைப் பேச்சு வரும்.

இதையெல்லாம் அண்ணியிடம் சொல்லிவிட்டு, அவளுக்குத் தைரியம் சொல்ல வேண்டிய நான் பின்னறையில் போய் நின்றேன். கை சும்மா இருக்க வேண்டாமே என்று உனக்கான பொட்டலத்தை மடிக்க எடுத்தேன். மடித்த கை அப்படியே நின்றுவிட்டது.

அண்ணா, அதிமதுரம். அதைத் தொடர்ந்து தின்றால் உடம்பு உப்பைப் பிடித்து வைத்துக்கொள்ளும், பொட்டாசியத்தை வெளியே தள்ளிவிடும், கொதிப்பு ஏறும், கால் துவளும். அந்தச் சுரப்பியில் கட்டி வந்தால் எப்படியோ, அப்படியே எல்லாம் நடக்கும். இதைப் படித்துப் பரீட்சை எழுதித் தேறியவள் நான். கடைக்கு வருகிற எத்தனையோ பேரிடம், "பிரஷர் இருக்கா? அப்ப இது வேண்டாம்" என்று கையிலிருந்து பிடுங்கி வைத்திருக்கிறேன். உன் விஷயத்தில் எனக்கு அது தோன்றவே இல்லை. ஏன் தெரியுமா? நீ அதைத் தின்பதில்லை. குப்பையில் போடுகிறாய். அதனால் அது எனக்கு மருந்துக் கணக்கிலேயே வரவில்லை. 'இன்னும் எனக்கு உன் நினைப்பு இருக்கிறது' என்று மாதம் ஒரு தடவை சொல்லியனுப்ப என்னிடம் இருந்தது அது ஒன்றுதான்.

நீ குப்பையில் போடுகிறாய் என்று கேள்விப்பட்டதிலிருந்து நான் என்ன செய்தேன் தெரியுமா? பொட்டலத்தைப் பெரிதாக்கினேன். பத்தில் ஒரு துண்டாவது தப்பித்து உன் வாய்க்குப் போகாதா என்று.

அண்ணியைக் கேட்டேன். "பொட்டலத்தை வாங்கிட்டு, குப்பை குப்பைன்னு திட்டிக்கிட்டே மாடி ரூமுக்குப் போயிடுவார். அப்புறம் அது என்ன ஆகுதுன்னு எனக்கெப்படித் தெரியும்? அந்த ரூமைப் பெருக்கக்கூட விடறதில்லயே" என்கிறாள்.

உன்னை ஒன்றே ஒன்று கேட்கிறேன். நீ அதை உண்மையிலேயே தூக்கிப் போடுகிறாயா?

தங்கச்சி


மார்ச் 25

தங்கச்சிக்கு,

குப்பை என்றால் குப்பைதான். இதில் கேள்விக்கு என்ன இருக்கிறது? ஸ்கேன் எடுக்கட்டும்.

உன் திரவத்தைக் குடித்தேன். எதிரிக்கும் சிபாரிசு செய்ய மாட்டேன்.

அண்ணன்


மார்ச் 28

அண்ணா,

சரி. குப்பைதான் என்று டாக்டரம்மாவிடம் சொல்லிவிடுகிறேன். அவர் கட்டியைத் தேடட்டும். நரம்பில் மருந்து ஏற்றுவார்கள், குழாய்க்குள் படுக்க வைப்பார்கள், வயிற்றைத் திறக்கலாமா வேண்டாமா என்று பேசுவார்கள். அண்ணி வராந்தாவில் உட்கார்ந்திருப்பாள். மகளை வெளியூரிலிருந்து வரச் சொல்வோம்.

நான் சந்தேகத்தை வைத்து அவரிடம் பேச முடியாது. அவர் முதலில் கேட்கப்போவது, "உங்கண்ணன் சாப்பிடறாரா இல்லையா?" என்பதைத்தான். நீ இல்லை என்கிறாய். நீ பொய் சொன்னதில்லை என்றுதான் எனக்கு ஞாபகம்.

விருந்தில் நான் சொன்னதற்கு இவ்வளவு தண்டனை வேண்டாம் அண்ணா. அன்று எல்லாரும் சிரித்தது உன்னைப் பார்த்து அல்ல. உன் சம்பந்தி கை கழுவக்கூட எழுந்திருக்காமல் நீ சொல்லிக்கொண்டிருந்த கதையின் முடிவுக்குக் காத்திருந்தார். என் பக்கத்தில் இருந்த யாரோ, "இவர் யாருங்க, இவ்வளவு அழகாப் பேசறாரே?" என்றார்கள். என் அண்ணன் என்று நெஞ்சை நிமிர்த்திச் சொல்லத் தெரியாமல் கேலியாகச் சொல்லிவிட்டேன். நம் வீட்டில் யாரும் யாரையும் நேராகப் புகழ்ந்து பழகவில்லை. அந்த வாரம் கல்லூரியில் உனக்கு நடந்தது எனக்கு ரொம்ப நாள் கழித்துத்தான் தெரியும். அதற்குள் நீ கதவைச் சாத்திவிட்டாய்.

வேறொன்றும் கேட்க மாட்டேன்.

தங்கச்சி


மார்ச் 31

அன்புள்ள தங்கச்சிக்கு,

தின்றேன்.

இந்த ஒரு சொல்லுக்கு நான்கு தாள் கிழித்துப் போட்டிருக்கிறேன்.

முதல் பொட்டலம் நிஜமாகவே குப்பைக்குத்தான் போனது. கல்லூரியில் என் அறைக் கூடையில் எறிந்தேன். அடுத்த வகுப்பில் தொண்டை கட்டிக்கொண்டது. திரும்பி வந்து, யாரும் பார்க்கவில்லை என்று உறுதி செய்துகொண்டு, கூடையிலிருந்து எடுத்தேன். அன்றிலிருந்து ஒரு துண்டும் வீணானதில்லை. விடைத்தாள் திருத்தும்போது ஒன்று வாயில் இருக்கும். வகுப்புக்கு முன்னால் ஒன்று, கூட்டத்தில் பேசாமல் இருக்க ஒன்று. ராத்திரி வெந்நீரில் போட்டு வைத்துக் காலையில் அந்த நீரையும் குடிப்பேன். நீ பொட்டலத்தைப் பெரிதாக்கியபோது, என் வாய் ருசி தெரிந்தே செய்கிறாய் என்று நினைத்தேன். நானும் தின்பதைக் கூட்டினேன். சிரித்தமுகத்தான் ஒரு நாள், "சார், எனக்கும் ஒரு துண்டு" என்று கை நீட்டினான். கொடுக்கவில்லை. இப்போது தெரிகிறது, கொடுத்திருந்தால் அவனுக்கும் ஏறியிருக்கும். நல்ல வாய்ப்பை நழுவவிட்டேன்.

ஏன் இத்தனை நாள் சொல்லவில்லை என்று கேட்பாய். ஸ்கேன், கட்டி என்றெல்லாம் நீ எழுதிய பிறகும் ஏன் குப்பை என்றே சொன்னேன்? வீம்பு என்று உன் அண்ணி சொல்வாள். வீம்பும் உண்டு. ஆனால் அது மட்டுமாக இருந்திருந்தால் முதல் தாளிலேயே எழுதி முடித்திருப்பேன்.

தின்கிறேன் என்று சொன்னால் நீ அனுப்புவதை நிறுத்திவிடுவாய். நிறுத்தாமல் உனக்கு வேறு வழியும் இல்லை. மாதம் பிறந்தால் உன் அண்ணி பையைத் தூக்கிக்கொண்டு கிளம்புவாள். அவள் திரும்பி வரும்வரை நான் பேப்பரைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். மாத்திரைக்காக அல்ல. பொட்டலத்தை நீ மடிக்கிற விதம் எனக்குத் தெரியும். நாலு மூலையையும் உள்ளே செருகுவாய், ஒட்ட மாட்டாய். அதைப் பிரிக்கும்போதெல்லாம் எனக்கு ஒரு தங்கை இருந்தாள். ஸ்கேன் எடுத்து ஒன்றும் இல்லை என்று சொல்லிவிட்டால், பொட்டலமும் வந்துகொண்டிருக்கும், நானும் ஒன்றையும் ஒப்புக்கொள்ள வேண்டாம் என்று கணக்குப் போட்டேன். முனைவர் பட்டம் வாங்கியவன் போட்ட கணக்கு.

விருந்தில் நடந்ததை நீ எழுதியதை இரண்டு தரம் படித்தேன். உடனே நம்பிவிட முடியவில்லை. இத்தனை வருடம் வளர்த்த கோபத்தை ஒரு பத்தியில் வந்து கூட்டிக்கொண்டு போகிறாயே, வளர்த்தவனுக்குச் சங்கடமாக இருக்காதா? சம்பந்தியைக் கேட்டுப் பார்க்கிறேன். கை கழுவாமல் இருந்தாராமா? அவர் எப்போதுமே கை கழுவ எழுந்திருக்காத ஆள் என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. சரி, உன் பக்கமே வைத்துக்கொள்.

டாக்டரம்மாவிடம் இன்றே சொல்லிவிடு. அவர் திட்டினால் என்னைச் சொல், உன்னைச் சொல்ல விடாதே. நீ கொடுத்தது உன் குற்றம் இல்லை. குப்பை என்று கத்தியவன் நான். நீ கேட்டதை நம்பினாய். படித்ததெல்லாம் மறந்து தவறு செய்துவிட்டேன் என்று பின்னறையில் நின்று அழுதிருப்பாய். அழாதே. மிச்சமிருந்ததை இன்று காலை நிஜமாகவே குப்பையில் போட்டேன். உன் அண்ணியைப் பக்கத்தில் சாட்சியாக நிறுத்திவைத்துப் போட்டேன். அவள், "இத்தனை நாளா இதையா தின்னுக்கிட்டு இருந்தீங்க? நான் நாத்தனார்கிட்ட உங்களுக்காக எவ்வளவு பொய் சாட்சி சொல்லியிருக்கேன்!" என்று தலையில் அடித்துக்கொண்டாள். பிறகு அவளே கூடையின் வாயைக் கட்டித் தெருமுனைவரை கொண்டுபோய்ப் போட்டுவிட்டு வந்தாள். என்மேல் அவளுக்கு அவ்வளவு நம்பிக்கை.

வாய் இப்போதே நமநமவென்கிறது. இதற்கும் ஏதாவது மாத்திரை இருக்கிறது என்று சொல்லிவிடாதே.

இனி மாதம் பிறந்தால் என்ன வரும் என்று மட்டும் தெரியவில்லை. கேட்கவும் இல்லை, சும்மா எழுதினேன். உன் அண்ணி அளக்கும்போது பட்டை முழங்கையில் இறங்கிவிடுகிறது. அவளுக்கு அந்த வேலை சுத்தமாக வரவில்லை. தெரிந்தவர் யாராவது ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து அளந்தால் அளவு சரியாக இருக்கும். கதவு சாத்தியிராது. அளக்கும்போது பேசக்கூடாது என்பதால் உன்னோடு பேசினேன் என்ற பழியும் எனக்கு வராது. அளந்து முடிந்த பிறகு என்ன ஆகும் என்று எனக்குச் சொல்லத் தெரியாது.

கீழே கையெழுத்துப் போட வேண்டும். பேனா நிற்கிறது. பேராசிரியர் என்று போட்டால் உனக்குச் சிரிப்பு வரும். அண்ணன் என்று போடலாம். போன தடவை அந்தச் சொல்லைப் போட்டுக்கொண்டுதான் உன்னிடம் பொய் எழுதினேன். அதே கையால், அதே இடத்தில் மறுபடி போடக் கூச்சமாக இருக்கிறது. யோசித்துக்கொண்டே இருந்தால் இந்தத் தாளையும் கிழித்துவிடுவேன், வெள்ளிக்கிழமை ஸ்கேன் வந்துவிடும். தெருமுனைப் பெட்டியில் தபால் எடுக்க ஆள் வரும் நேரம் ஆகிவிட்டது. கையெழுத்துப் போடாமலே கொண்டுபோய்ப் போடுகிறேன்.